அண்டாவின் நடுவில் எத்தனை டிகிரி?

தெர்மாமீட்டரும் டார்ச் லைட்டுமாக உணவகச் சமையலறைகளுக்குள் நுழைந்து குற்றம் கண்டுபிடிப்பதுதான் இருபத்தாறு வருடம் என் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பக்கத்தில் வாசகர்களுக்குப் பதில் எழுதி வருகிறேன். ‘ஆய்வாளர் வந்தால் எதைப் பார்ப்பார்?’ என்று சென்ற இதழில் எழுதியதற்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பாதி கோபம், பாதி சந்தேகம். கோபத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: சின்ன உணவகம் நடத்துகிறேன். தரை, சுவர், அடுப்பு எல்லாவற்றையும் பளிச்சென்று வைத்திருந்தேன். வந்த ஆய்வாளர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் குளிர் அறைக்குள் போய், முந்தின இரவு வைத்த சூப் அண்டாவில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். அண்டாவோடு கொட்டச் சொல்லிவிட்டார். அறை 4 டிகிரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இது நியாயமா?

நியாயம்தான். ஆக்கிய பண்டத்தைக் கொட்டும்போது வயிறு எரியும், அதுவும் எனக்குத் தெரியும்.

கதவில் காட்டுகிற 4 டிகிரி, அறைக் காற்றின் கணக்கு. அண்டாவுக்குள் என்ன நடக்கிறது என்று அந்தக் கதவுக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் தெரியாது. ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ஒரு பெரிய சமையலறைக்குப் போனேன். குளிர் அறைக்குள் என் இடுப்பு உயரத்துக்கு ஓர் அண்டா, மூடி போட்டு, நிறையக் கெட்டி சூப். வெளிப்பக்கத்தைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. மேலாகத் தெர்மாமீட்டரை வைத்தேன், 7 டிகிரி. அதைக் குறித்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். கூட வந்திருந்த மூத்த ஆய்வாளர் விடவில்லை. மாஸ்டரிடம் ஒரு நீளக் கரண்டி வாங்கி, அதன் காம்பில் தெர்மாமீட்டரின் ஒயரை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, அண்டாவின் நடுவுக்கு இறக்கினார். எண் ஏற ஆரம்பித்தது. 15, 22, 29... 34-இல் நின்றது. பத்து மணி நேரம் குளிர் அறையில் இருந்த அண்டா அது! மாஸ்டருக்கு நம்பிக்கை வரவில்லை. கையை விட்டே பார்க்கப் போனார், பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

விஷயம் ரொம்ப எளிது. சூடு வெளியேற ஒரே வழி மேற்பரப்பு. கெட்டியான பண்டத்தில் ஆழம் இரண்டு மடங்கானால், நடுப்பகுதி ஆறுவதற்கு ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். ஓரம் உறையப் போகும் நேரத்தில் நடு வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த வெதுவெதுப்புதான் கிருமிகளுக்குத் தொட்டில். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உணவை நிறுத்தி வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

‘கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினேனே, எல்லாம் செத்திருக்குமே’ என்பீர்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ், பாசில்லஸ் சீரியஸ் என்று இரண்டு கிருமிகள் உண்டு. பேர் வாயில் நுழையாவிட்டால் போகட்டும், குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இவை வித்துபோல ஓடு கட்டிக்கொண்டு உள்ளே உறங்கக்கூடியவை. கொதிநீரும் அந்த ஓட்டை ஒன்றும் செய்யாது. போட்டிக் கிருமிகள் அத்தனையும் வெந்து செத்தபின், சூடு இறங்கியதும் இவை மட்டும் கண் விழிக்கும். பெர்ஃப்ரிஞ்சன்ஸுக்குக் காற்றே பிடிக்காது, அண்டாவின் அடி அதற்குச் சொர்க்கம். வசதியான சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். பாசில்லஸ் சீரியஸ் இன்னும் மோசம். ஆறிய சோற்றில் அது உண்டாக்கும் ஒரு வகை நச்சு, மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. கிருமி செத்துப்போகும், வாந்தி நிற்காது.

அமெரிக்க உணவு விதித்தொகுப்பில் இதற்கென்றே இரண்டு கட்டக் கணக்கு இருக்கிறது. ஆக்கிய பண்டம் 57 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். 21-இலிருந்து 5-க்கு இறங்க இன்னும் நான்கு மணி நேரம் தருகிறார்கள். முதல் பகுதிக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்றால், கிருமி வெறி பிடித்துப் பெருகுவது அந்தச் சூட்டில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: அண்டாவை அப்படியே உள்ளே தள்ளாதீர்கள். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் தட்டையான டிரேக்களில் பிரித்து ஊற்றுங்கள். டிரேயை ஐஸ் தண்ணீரில் உட்கார வைத்துக் கிளறிவிடுங்கள். நன்றாக ஆறும்வரை இறுக்கி மூடாதீர்கள். சூப் என்றால் இன்னொரு வழியும் உண்டு: தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் காய்ச்சி, குறைத்த தண்ணீருக்குப் பதில் கடைசியில் சுத்தமான ஐஸைப் போடுவது. ஒரே நேரத்தில் அளவும் சரியாகும், சூடும் இறங்கும். அப்புறம், கொதிக்கிற அண்டாவை உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் மீனும் சேர்ந்து சூடாகும். உங்கள் ஆய்வாளர் அவற்றையும் அளந்து பார்த்தாரா? பார்க்கவில்லை என்றால் நீங்கள் தப்பித்தீர்கள்.

கேள்வி: ஆய்வாளர் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும், அன்றைக்கு மட்டும் கழுவித் துடைத்து வைப்பார்கள் என்கிறார்களே?

சொல்லாமல் போவதுதான் முறை. ஆனாலும் வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, கல்லாவில் இருப்பவர் ‘ஒரு நிமிஷம் சார், முதலாளியைக் கூப்பிடுறேன்’ என்று உள்ளே போய்த் திரும்புவதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் தலைக்குத் தொப்பி ஏறும். தரையில் தண்ணீர் விழும். அழுக்குத் துணி மாவு டப்பாவுக்குப் பின்னால் போகும். மேல்தட்டில் இருந்த பச்சைக் கோழி கீழ்த்தட்டுக்கு இறங்கும். ஆனால் அது அதுவரை சொட்டிய நீர் நடுத்தட்டுச் சாலட் மேல் அப்படியே இருக்கும்.

ஐந்து நிமிடத்தில் மாற்ற முடியாதவற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கை கழுவும் தொட்டி அதில் ஒன்று. பன்னிரண்டு பேர் வேலை செய்கிற இடத்தில், மதியம் இரண்டு மணிக்குத் தொட்டி காய்ந்து கிடந்தால், சோப்பில் கம்பெனிப் பேர் அழியாமல் இருந்தால், காலையிலிருந்து யாரும் கை கழுவவில்லை என்று அந்தச் சோப்பே சாட்சி சொல்லும். தொட்டிக்குள் வாளியோ கீரைக்கட்டோ உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். டப்பா திறப்பானின் பல்லைப் பார்ப்பேன். அதை யாரும் கழுவுவதில்லை.

அடுத்தது பதிவேடு. ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரியில் இருந்தது என்று காலை, மதியம், மாலை எழுதி வைக்கிற நோட்டு. ஒரு முறை காலை பதினோரு மணிக்கு ஓரிடத்தில் அந்த நோட்டைப் பிரித்தேன். மாதம் முழுக்க 4, 4, 4. ஒரே பேனா, ஒரே சாய்வு. சரி, நல்ல ஃப்ரிட்ஜ் போல என்று விரலை இறக்கிக்கொண்டே வந்தால், அன்று மாலைக்கும் 4 என்று எழுதியிருந்தது. மறுநாள் காலைக்கும். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, ‘நாளைக்கு மழை வருமா என்றும் பார்த்துச் சொல்லுங்களேன்’ என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து அளந்தோம், 11 டிகிரி. விசாரித்தால், தெர்மாமீட்டரில் பேட்டரி தீர்ந்து மாதக்கணக்காகிவிட்டதாம்.

நோட்டில் எழுதுவதெல்லாம் வெட்டி வேலை என்று நினைப்பவர்களுக்காக ஒரு விவரம். படிக்குப் படி அளந்து எழுதும் இந்த முறை விண்வெளிப் பயணத்துக்காகப் பிறந்தது. 1960-களில் நாசாவும் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடமும் பில்ஸ்பரி என்ற உணவு நிறுவனமும் சேர்ந்து விண்வெளி வீரர்களுக்குச் சாப்பாடு தயாரித்தார்கள். அந்தரத்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன கதி? தயாரான உணவைச் சோதித்துப் பார்த்தே பாதுகாப்பை உறுதி செய்வதென்றால், பெரும்பகுதி சோதனைக்கே போய்விடும், வீரர்களுக்கு மிஞ்சாது. அதனால் எந்தெந்தப் படியில் ஆபத்து நுழையும் என்று கண்டுபிடித்து, அந்தப் படியிலேயே அளந்து மறித்தார்கள். ஹேசப் என்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துச் சொல்கிறார்களே, அது இதுதான். நாளை மாலையின் சூட்டை இன்றே எழுதுகிறவரிடம் அது வேலை செய்யாது.

கேள்வி: உணவகத்தில் காய் நறுக்கும் வேலை செய்கிறேன், வயது 22. போன வாரம் வாந்தி, வயிற்றுப்போக்கு. நின்ற மறுநாளே ஆள் இல்லை என்று வரச் சொல்லிவிட்டார்கள். கையில் கிருமிநாசினி ஜெல் போட்டுக்கொண்டுதான் சாலட் நறுக்கினேன். இது தப்பா?

தம்பி, இதைக் கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம். தப்பு உங்களைக் கூப்பிட்டவருடையது.

வாந்தியும் போக்கும் முழுசாக நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உணவில் கை வைக்கக் கூடாது. இப்படித் திடீரென்று வந்து ஓரிரு நாளில் போகும் வாந்திபேதிக்குப் பெரும்பாலும் நோரோவைரஸ்தான் காரணம். உடம்பு தேறிய பிறகும் அது வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒருவரைப் படுக்கப்போட மிகக் கொஞ்சம் வைரஸ் போதும். ஆல்கஹால் ஜெல்லுக்கு அது சரியாக அடங்காது. சோப்பு, ஓடுகிற தண்ணீர், இருபது வினாடித் தேய்ப்பு, இது ஒன்றுதான் வழி. அதிலும் சாலட் ஆயிற்றே. வேகிற பண்டத்தில் உங்கள் கை விட்டதை அடுப்பாவது பார்த்துக்கொள்ளும். சாலட்டுக்குப் பின்னால் அடுப்பு இல்லை.

மேரி மேலனின் கதையை உங்கள் முதலாளிக்குச் சொல்லுங்கள். 1906 கோடையில் நியூயார்க்குக்குப் பக்கத்தில் ஆய்ஸ்டர் பே என்ற ஊரில் ஒரு குடும்பம் வீடு எடுத்துத் தங்கியது. வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு. ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளர் துப்புத் துலக்கிக்கொண்டே போய், கடைசியில் சமையல்காரியிடம் வந்து நின்றார். மேரிக்கு ஒரு நோயும் இல்லை, திடமாக இருந்தார். ஆனால் டைபாய்டு கிருமி அவர் உடம்பில் குடியிருந்தது. சமைத்தால் சாகிற கிருமிதானே, எப்படிப் பரவியது? பச்சையாகப் பீச் பழம் நறுக்கிப் போட்ட ஐஸ்கிரீம்தான் காரணம் என்பது சோப்பரின் முடிவு. மறுபடியும் அடுப்பு இல்லாத பண்டம், பாருங்கள். 1907-இல் மேரியைத் தனிமையில் அடைத்தார்கள். 1910-இல், இனிச் சமைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு விட்டார்கள். 1915-இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு வந்தது. அங்கே வேறு பேரில் சமைத்துக்கொண்டிருந்தது மேரி. அப்புறம் 1938-இல் சாகும்வரை விடவே இல்லை.

எல்லோரும் அவரைப் பேய்போலப் பேசுவார்கள். எனக்கு அப்படிப் பேச வராது. சமைக்காதே என்றார்கள், துணி துவைக்கும் வேலையைக் காட்டினார்கள். அதில் சமையல் வேலையின் கூலி வரவில்லை. உங்கள் நிலையும் அதுதானே? லீவு எடுத்தால் சம்பளம் போகும், அதனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறீர்கள். உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் தராத சமையலறையை எத்தனை ஆய்வாளர் வந்தாலும் சுத்தம் செய்ய முடியாது. இதை அறிக்கையில் எழுத எங்களுக்குக் கட்டம் இருந்ததில்லை.

கேள்வி: கோழியை நன்றாகக் கழுவியபிறகுதான் சமைக்க வேண்டும் என்பது எங்கள் மாஸ்டரின் கட்டளை. நீங்கள் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்களே?

வேண்டாம். குழாயடியில் கோழியைப் பிடித்தால் தெறிக்கிற நீரில் கேம்பிலோபேக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி சுற்றியுள்ள எல்லாவற்றின் மேலும் உட்காரும். கோழி 75 டிகிரியில் வெந்து சுத்தமாகிவிடும். பக்கத்தில் இருக்கும் தட்டு வேகாது. ரத்தமோ இறகுத் துணுக்கோ இருந்தால் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டுக் கையைக் கழுவச் சொல்லுங்கள்.

கேள்வி: கையுறை போட்டு உணவு தருகிற கடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

கண்ணைத் திறந்தே வையுங்கள். அந்தக் கையுறை என்னென்ன தொடுகிறது என்று ஐந்து நிமிடம் நின்று எண்ணிப் பாருங்கள். நான் வரிசையில் நின்று எண்ணியிருக்கிறேன்: ரொட்டி, கல்லாப்பெட்டி, நெற்றி வியர்வை, செல்போன், குப்பைக் கூடையின் மூடி, மறுபடி ரொட்டி. வெறுங்கையாக இருந்தால் பிசுபிசுப்பு தாங்காமல் அவரே போய்க் கழுவியிருப்பார். கையுறைக்குப் பிசுபிசுப்பு தெரியாது. வேலை மாறும்போதெல்லாம் கையுறையைக் கழற்றி, கை கழுவி, புதிது போட்டால்தான் அதனால் பயன்.

கேள்வி: நட்சத்திரம், எழுத்து, எண் என்று கடை வாசலில் சுகாதார மதிப்பெண் ஒட்டுகிறார்களே, அதை எவ்வளவு நம்பலாம்?

ஓரளவு. லாஸ் ஏஞ்சலிஸில் 1998-இல் எழுத்து மதிப்பீடு வந்தது. டென்மார்க்கில் 2001-இலிருந்து சிரித்த முகம், சுளித்த முகம். நியூயார்க்கில் 2010-இலிருந்து ஏ, பி, சி. அங்கே குறைகளுக்குப் புள்ளி போடுவார்கள்: 13 வரை ஏ, 14 முதல் 27 வரை பி, அதற்கு மேல் சி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 0 முதல் 5, அங்கே 5-தான் சிறந்தது. அதில் ஒரு வேடிக்கை. வேல்ஸில் 2013-இலிருந்து மதிப்பெண்ணை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் கடைக்காரர் விரும்பினால் ஒட்டலாம். 1 வாங்கியவருக்கு ஒட்ட விருப்பம் வருமா, சொல்லுங்கள்.

எழுத்தைவிடக் கீழே இருக்கிற தேதியைப் பாருங்கள். ஒரு நாள், ஓரிரு மணி நேரம், ஓர் ஆய்வாளர் கண்ணில் பட்டதற்குத்தான் அந்த மதிப்பெண். அதற்குப் பிறகு மாஸ்டர் மாறியிருக்கலாம், ஃப்ரிட்ஜ் பழுதாகியிருக்கலாம்.

கேள்வி: நறுக்கும் பலகைக்கு நிறம் பிரித்து வைத்தும், புது ஆள் வந்ததும் குழம்புகிறார். ஏன்?

அவர் இதற்கு முன் எங்கே வேலை செய்தார் என்று கேளுங்கள். பிரிட்டன் முறையில் மஞ்சள் பலகை வெந்த இறைச்சிக்கு. அமெரிக்காவில் பெரும்பாலும் அதே மஞ்சள் பச்சைக் கோழிக்கு! அவர் தலையில் ஒரு மஞ்சள், உங்கள் தலையில் ஒரு மஞ்சள். எந்த நிறம் எதற்கு என்று படம் போட்டுப் பலகைக்கு மேலேயே மாட்டுங்கள். முதல் நாளே அவரை அங்கே நிறுத்தி வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.

கேள்வி: ஊரார் குற்றமெல்லாம் கண்டுபிடித்த நீங்கள், எதையாவது கோட்டை விட்டதுண்டா?

உண்டு. ஓர் உணவகத்துக்கு மூன்று வருடம் தொடர்ந்து நல்ல மதிப்பெண் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியாது, அப்படி ஒரு ஒழுங்கு. டிரேக்களில் ஆறவைப்பார்கள், நோட்டில் உண்மையை எழுதுவார்கள். நான் போனால் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பேன். வேறு இடங்களில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டேன்.

நாலாவது வருடம் எனக்குப் பதிலாக ஒரு புதுப் பெண் போனார், பயிற்சி முடித்து இரண்டே மாதம். திரும்பி வந்து ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை என் மேசையில் வைத்தார். இளஞ்சிவப்பும் கறுப்புமாகக் கொழகொழவென்று ஏதோ அப்பியிருந்தது. ‘எங்கே துடைச்சது?’ என்றேன். ‘ஐஸ் மெஷின் உள்ளே, மேல் தகடு சார். ஐஸ் விழுற இடத்துக்கு நேர் மேல’ என்றார். விதிப்படி ஐஸும் உணவுதான். மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது நான் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த மூடியை மூன்று வருடத்தில் ஒரு தடவை திறந்ததில்லை.

மறுநாள் நானே போனேன். உரிமையாளர் பழைய பழக்கத்தில் ஐஸ் தண்ணீரோடு வந்தார். மெஷினைக் காட்டியதும், ‘ஐஸ்ல என்ன சார் இருக்கப்போகுது, வெறும் தண்ணிதானே?’ என்றார். முந்தாநாள் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, மூடியைக் கழற்ற ஸ்குரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டேன்.